விடியுமுன் வந்த தாள்

குற்றாலலிங்கம் என்ற பெயர் எங்கள் வீட்டில் முதலில் அடிபட்டது, சித்தப்பா மகள் அன்னத்தாய்க்கு மாப்பிள்ளை தேடிய வருஷம். பேட்டையில், பிரஷ் செய்ய உதவும் பனை நாரான பனந்தும்பை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கப்பிள்ளை, எழுத்து முத்து முத்தாக இருக்கும், வெற்றிலைகூடப் போடமாட்டார் என்று தரகர் அடுக்கினார்.

"எல்லாம் சரிவே, சம்பந்தி சண்டை போடக்கூட அங்கன ஒரு ஆளில்லையே" என்று சித்தப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். தாய், தகப்பன், கூடப்பிறந்தது ஒன்றும் இல்லாத மனிதர். அதோடு பேச்சு முறிந்தது. அப்புறம் வேறு எந்த வீட்டிலும் அவரைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த அறையிலேயே முப்பத்தொரு வருஷம் கிடந்தார். பொங்கலோ தீபாவளியோ, அவருக்கு இலை போட்டது ஓட்டல்காரன்தான். பேக்ஸ் மெஷின் வந்த பிறகு காலை ஐந்து மணிக்கே ஆபீசைத் திறந்து, அதில் தொங்கும் தாளைக் கிழித்து நோட்டில் தேதி போட்டு எழுதுவார். அமெரிக்கா ஆர்டரெல்லாம் நமக்கு இருட்டாக இருக்கும்போதுதான் வரும். பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது அவர் வழக்கம். பஞ்சாங்கமும் அப்படித்தானே சொல்லுகிறது. விடியுமுன் வந்த தாளுக்கு முந்தின நாள் தேதியைத்தான் போடுவார். யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றேழில் முதலாளி ஐயம்பெருமாளின் மகன் குமரவேல், கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பேக்ஸ் லைனையும் அதோடு சேர்த்து வைத்தான். தாள் வந்த தேதியை அதுவும் பதிந்துகொள்ளும். ஆனால் நடுராத்திரி பன்னிரண்டுக்கே தேதியை மாற்றிக்கொள்ளும். அந்த வருஷம் ஜூலை ஒன்றிலிருந்து தும்பு விலையை ஏற்றியிருந்தார்கள். ஜூன் முப்பதுக்குள் வந்த ஆர்டருக்கு மட்டும் பழைய விலை. செப்டம்பரில் ஒத்துப் பார்க்கும்போது ஒரு பெரிய ஆர்டர் இடித்தது. கம்ப்யூட்டரில் ஜூலை ஒன்று, நோட்டில் ஜூன் முப்பது. நோட்டை நம்பிப் பழைய விலைக்கே பில் போட்டு, சரக்கும் கப்பலேறிவிட்டது.

"என்னவே இது? அமெரிக்காக்காரன் உமக்குத் தனியா ஏதும் அனுப்புதானோ?" என்று கேட்டார் முதலாளி.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். குற்றாலலிங்கத்துக்குக் காது அடைத்துவிட்டது. நாணயமானவர் என்ற பெயரைத் தவிர அவருக்கென்று ஒரு சொத்தும் கிடையாது. அதுவும் போனால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

"விடியுமுன்ன வந்தது முதலாளி. பொழுது விடியாம எப்படி ஒண்ணாந்தேதி போட?"

"ஏன் அண்ணாச்சி, சூரியன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஒத்துக்கிடுவீயளோ?" என்றான் குமரவேல்.

அவர் பைலை எடுத்துக் கொடுத்தார். பேக்ஸ் தாளில் எழுத்து பாதி மங்கிப் போயிருந்தது. குமரவேல் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தான். தாளின் மேல் விளிம்பில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

"எப்பா, இங்கன பாருங்க. ஜூன் முப்பது, சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு அனுப்பியிருக்கான். நாமதான் ஒம்பதரை மணி நேரம் முன்னால நிக்கோம். அவன் ஊர்ல அன்னிக்கு முப்பதாந்தேதி இன்னும் முடியலை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிவே, மனசுல வச்சிக்கிடாதயும். அங்கன உள்ள தேதி, இங்கன உள்ள தேதி ரெண்டையும் இனிமே கம்ப்யூட்டரே பாத்துக்கிடட்டும். அதுக்குத் தக்கன மாத்தித் தரச் சொல்லுதேன். உமக்கும் அலைச்சல் மிச்சம்."

பெயர் தப்பியது. வேலைதான் இல்லாமல் போயிற்று. மூன்று மாசம் அதே நாற்காலியில், மூடிய நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. முதலாளி கேட்ட அந்த ஒரு கேள்விதான் அவர் காதுக்குள்ளேயே கிடந்தது. மார்கழி முடியுமுன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

இப்போது திருச்செந்தூரில் ஒரு சத்திரத்தின் மாடி அறையில் தனியாக இருக்கிறார்.