கொலைகாரன் இல்லாத முந்நூறு பிரதிகள்

திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு நூற்பாலையில், டைம் ஆபீஸ் கிளார்க்காக ஞானராஜுக்கு வேலை. எந்த ஷிஃப்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துவைப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவர் பார்க்கும் உத்தியோகம். வயது நாற்பத்து மூன்று. மில்லில் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பஞ்சும் நூலுமாகத் திரிகிறவர்களிடம் பேச என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஏனென்றால் ஞானராஜ் காமிக்ஸ் எழுத்தாளர். தமிழில் சொந்தமாக காமிக்ஸ் எழுதுகிறவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், அதில் தானும் ஒரு விரல் என்று நம்பினார். மற்ற ஒன்பது விரல்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

நாலு வருஷம் உட்கார்ந்து ‘ஏழாம் மடை’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கன்னிவாடிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் சண்முகவள்ளி முதல் பக்கத்திலேயே மடைக்குக் கீழே செத்துக் கிடக்கிறாள். ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அறுபத்து நாலு பக்கக் கதையில், கொன்றது யார் என்பது கடைசி எட்டுப் பக்கத்தில்தான் தெரியும். அந்த எட்டுக்காகத்தான் மற்ற ஐம்பத்தாறையும் எழுதினேன் என்பார். படம் வரைந்தது நாகல் நகரில் கல்யாண ஃபிளெக்ஸ் போர்டு போடும் முகேஷ்குமார். மணமக்கள் முகத்தை வெள்ளையாக்கிக் கொடுக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் வரைந்தான். ஞானராஜுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத் தன் எதிரே வந்து நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்காகத்தான் ரசிகர் மாநாடு மாநாடாகப் போனார். சென்னையில் இரண்டு, பெங்களூரில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. இரண்டு கட்டைப்பை நிறையப் புத்தகத்தோடு இரவு பஸ் ஏறி, காலையில் மண்டபத்துக் கழிப்பறையில் முகம் கழுவி, ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காருவார். மண்டபம் முழுக்க வெளிநாட்டு வீரர்களின் இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பையை உள்ளே இழுத்தபடி பிள்ளைகள் திரிவார்கள். தெர்மாகோல் வாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுச் செல்ஃபி எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் வாளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தவன், இதில் வருகிற ஆளுக்குப் பொம்மை இருக்கிறதா, டீ-சர்ட் இருக்கிறதா என்று கேட்பான். இன்னொருவன் வெள்ளைத்தாளை நீட்டி ஏதாவது வரைந்து கொடுக்கச் சொல்வான். நான் வரைகிறவன் இல்லை, எழுதுகிறவன் என்று ஞானராஜ் சொல்ல, அப்படியானால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்பான். இந்தக் கேள்வியை ஒரே நாளில் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். பதினோரு பேரையும் மனசுக்குள் வைது தீர்த்தார்.

அந்தப் பிள்ளைகளையாவது மன்னித்துவிடலாம். வாங்கினவர்களைத்தான் மன்னிக்க முடியாது. வாங்கினது பூராவும் சேகரிப்பாளர்கள். தலை நரைத்து, தோளில் பை மாட்டி, பேச்சு பூராவும் எந்த வருஷத்து எந்த இதழ் தன்னிடம் இருக்கிறது என்பதாகவே இருக்கும் கூட்டம் அது. அவர்களுக்குப் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பிரதிதான் வேண்டும். ஆகவே அச்சகத்திலேயே உறை போட்டு ஒட்டித்தான் ஐந்நூறும் வந்து இறங்கின. அவர்கள் செல்போன் டார்ச்சை அடித்து, நாலு மூலையும் மழுங்காமல் இருக்கிறதா என்று பார்த்து, பூப்போலப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒட்டன்சத்திரம் ஈஸ்வரன். காய்கறி மண்டி வைத்திருப்பவர். மண்டியில் தக்காளி வெயிலில் கிடந்து அழுகும், மாடியில் காமிக்ஸுக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஏ.சி. ஓடும். ‘ஏழாம் மடை’யில் மூன்று பிரதி எடுத்தார். எதற்கு மூன்று என்று ஞானராஜ் ஆசையாகக் கேட்டதற்கு, ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று மாற்றிக்கொள்ள, ஒன்று ஆபத்துக்கு என்றார். படிக்க என்று ஒன்று அந்தக் கணக்கில் இல்லை.

இருந்தாலும் இணையத்தில் அவர்கள் குழுவில் பாராட்டு குவிந்தது. கதை விறுவிறுப்பு என்றார்கள். கிளைமாக்ஸ் மிரட்டல், கடைசி எட்டுப் பக்கத்தில் மூச்சே நின்றுவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஞானராஜ் அதை எத்தனை தடவை படித்தார் என்று சொன்னால் அவருக்குத்தான் கேவலம். நம்மைப் புரிந்துகொள்ள நாலு பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு மில்லில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு பிரதி திரும்பி வந்தது. மேல் மூலை லேசாக மழுங்கியிருந்ததாம். ஏதோ சீக்கு வந்த கோழியைக் கொடுப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார் வாங்கினவர். ஞானராஜ் அதைக் கொண்டுவந்து டைம் ஆபீசில், ஃபேன் காற்றுக்குப் பறக்காமலிருக்க ஷிஃப்ட் தாள்கள்மேல் வைத்தார். ரெண்டு நாளில் அது காணாமல் போனது. போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் பேச்சாயி ஜன்னலண்டை வந்து நின்றாள். ஸ்பின்னிங்கில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் எந்திரம் ஓட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும். பதினெட்டு வருஷத்தில் அவள் நம்பரைத் தவிர வேறெதுவும் ஞானராஜுக்குத் தெரியாது. அவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. உறை இல்லை, அட்டை இல்லை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

“நீங்க எழுதுனதா சார் இது? இருபது பேரு கைமாத்திப் படிச்சிருக்கோம். கொன்னது யாருன்னு சொல்லாமயே முடிச்சுப்புட்டீக. படிச்ச பக்கமே திரும்பவும் வருது.”

ஞானராஜுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். படிக்கத் தெரியாதவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே வாங்கிப் புரட்டினார். நாற்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தாறு வரை. அடுத்து மறுபடியும் நாற்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தாறு வரை. அவ்வளவுதான், பின் அட்டை இருந்த இடம் வந்துவிட்டது. பைண்டிங்கில் எட்டுப் பக்கம் கொண்ட ஏழாவது ஃபாரத்தை இரண்டு தடவை அடுக்கி, எட்டாவதைச் சேர்க்காமலே தைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஓடி மிச்சமிருந்ததில் பத்தைப் பிரித்துப் பார்த்தார். பத்தும் அப்படித்தான்.

ஐந்நூறில் முந்நூறு விற்றிருக்கிறது. வாங்கினவர்களில் ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடத் திறந்து பார்க்கவில்லை. மூச்சு நின்றவனுக்கு எதைப் படித்து நின்றது என்று நினைக்க நினைக்க அவருக்குப் பற்றி எரிந்தது. முகேஷ்குமாருக்குப் போன் போட்டு, உனக்குக் கொடுத்த பத்துப் பிரதியை நீயாவது பிரித்தாயா என்று கத்தினார். அட்டையில் கலர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்ததாக அவன் சொன்னான். நீங்கள் பார்க்கவில்லையா என்று திருப்பிக் கேட்டான். ஞானராஜ் போனை வைத்துவிட்டார். அவருடைய சொந்தப் பிரதியும் அலமாரியில் உறை பிரிக்காமல்தான் இருந்தது.

அன்றைக்கே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சரியான புத்தகம் அச்சடித்து எல்லோருக்கும் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். ஒருத்தரும் முகவரி அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக அரை மணி நேரத்தில் திருவிழா ஆரம்பித்தது. தமிழ் காமிக்ஸ் வரலாற்றிலேயே அரிய பிழைப்பதிப்பு என்று ஒருவர் எழுதினார். ஒரு பிரதிக்குப் பத்து மடங்கு தருகிறேன் என்றார் இன்னொருவர். கிளைமாக்ஸைப் புகழ்ந்த ஆள் வெட்கமே இல்லாமல், தன்னிடம் இரண்டு இருப்பதாகப் படம் போட்டார்.

மறுநாள் ஈஸ்வரன் பேசினார். சரியான பதிப்பை மட்டும் தயவுசெய்து அச்சடிக்க வேண்டாம், வந்துவிட்டால் இதன் மவுசு குறைந்துபோகும் என்றார். கதைக்கு முடிவு வேண்டாமா என்று ஞானராஜ் கேட்டதற்கு, கதை கிடக்குதுங்க என்றார். ஞானராஜ் போனை வைத்துவிட்டு, அச்சகத்துக்குப் பேசிச் சரியான பதிப்புக்கு ஏற்பாடு செய்தார்.

விட்டுப்போன எட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பேச்சாயியிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கொன்றது செத்தவளின் கொழுந்தன் ஒச்சப்பன். அவளை உள்ளே தள்ளிவிட்டு, மடையின் இரும்புச் சக்கரத்தைத் திருகித் தண்ணீரைத் திறந்துவிடுகிறான். மறுநாள் டீ நேரத்தில் பேச்சாயி வந்தாள், பின்னால் நாலைந்து பெண்கள்.

“பன்னெண்டாம் பக்கத்துல ஒச்சப்பன் தென்ன மரத்துலருந்து விழுந்து வலது கையில கட்டுப் போட்டிருக்கான். ஒத்தக் கையால மடைச் சக்கரத்த எப்பிடிச் சார் திருகுவான்? எங்கூர் மடைய ரெண்டு ஆம்பள சேந்துதேன் திருகணும்.”

ஞானராஜ் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். கட்டு இருந்தது. அவன்மேல் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று அந்தக் கட்டைப் போட்டது அவரேதான். நாலு வருஷத்தில் அது மறந்தே போயிருந்தது. “நாங்க இருபது பேரும் இது யாருன்னு ரெண்டு வாரமா மண்டையப் போட்டு ஒடச்சோம். நீங்க செத்த நேரம்கூட ஒக்காந்து யோசிக்கலயா சார்?” என்றாள் பேச்சாயி. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஊரிலுள்ள அத்தனை பேரையும் படிக்காத ஜென்மங்கள் என்று வைத மனுஷன், படித்தவர்கள் வந்து நின்றதும் ஓடி ஒளிய இடம் தேடினார்.

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் பேசி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெள்ளைத்தாளை எடுத்துவைத்து உட்கார்ந்தார். முடிவு வரவில்லை. ஒரு மாதமாகியும் வரவில்லை. ஜன்னலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பேச்சாயி பார்க்கும் பார்வைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

புதுப் பதிப்பு இல்லை என்ற சேதி ஈஸ்வரனுக்கு எட்டியது. தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் நிறுத்தினார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த சென்னை மாநாட்டில், சேகரிப்பாளர்களின் மனம் அறிந்த எழுத்தாளர் என்று சொல்லி மேடையில் ஞானராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல் இரண்டு வரிசையிலும் ‘ஏழாம் மடை’யை உறையோடு தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

ஞானராஜ் கூட்டத்தைப் பார்த்தார். கொன்றது யார் என்று கேட்க அவருக்கு யோக்கியதை இல்லை, அது அவருக்கே தெரியாது. அதனால் சுலபமான கேள்வியைக் கேட்டார்.

“இந்தக் கதையில செத்தது யாரு? மொத பக்கத்துலயே இருக்கு. யாராவது ஒருத்தர் சொல்லுங்க போதும்.”

முன்வரிசைக்காரர்கள் உறையைப் பிரிக்காமலே புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். அது தமாஷ் என்று புரிந்துகொண்டு எல்லோரும் சிரித்தார்கள், நீண்ட நேரம் கைதட்டினார்கள். ஞானராஜ் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஈஸ்வரன் அவர் காதருகே குனிந்து, நிஜமாகவே செத்தது யார் என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது உண்மையான ஆசை என்று ஞானராஜுக்குத் தோன்றியது. பிரித்துப் படித்துப் பாருங்கள் என்றார்.

ஈஸ்வரன் மடியிலிருந்த புத்தகத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க ஞானராஜ், பிரிச்சா வெல கொறஞ்சு போயிருமுங்களே.”