போரையா வேண்டாம் என்று சொல்லப் போன யெஸ்டி

போரையாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூரில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் அப்போது இரண்டே பேர். ஒருவர் போரையா. இன்னொருவன் நான்.

தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்களைப் பொறுத்தவரை அவர் எங்கள் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் டெஸ்ட் ரைடர். உண்மையில் அவர் பெயின்ட் ஷாப்பில் பெட்ரோல் டேங்குக்குக் கோடு போடுகிறவர். நல்ல கை. ஆனால் கோடு போடுகிறவன் என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? நரசீபுரத்துப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது தாய்மாமன் எடுத்துவிட்டார்: "எங்க பையன் தினம் முப்பது வண்டிய ஓட்டிப் பாத்து வெளிய அனுப்பறான்." அப்போது போரையாவின் வாய் நிறைய ஒப்பட்டுப் போளி. மறுக்க முடியவில்லை. விழுங்கிய பிறகு மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

பொய்யை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை. அவர் மனைவி தேவீரம்மா அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். இருபது வருஷமாக மொபெட்டில்தான் போய்வருகிறார். ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், மாமியாரின் மருந்து, எல்லாம் அந்த மொபெட்டில்தான் வரும். போரையா மட்டும் நடந்து வருவார். கேட்டால், "இருநூத்தைம்பது சிசி புடிச்ச கை இது. இந்தக் கொசுவ எப்படிப் புடிக்கும்?" என்பார். பின்னால் உட்காரவும் மாட்டார். டெஸ்ட் ரைடர் போய் மொபெட்டில் பின்னால் உட்காருவதா?

எனக்குத் தெரிய வந்தது வேலைநிறுத்தத்தின்போது. நான் சங்கச் செயலாளர். குவெம்பு நகர் பக்கம் அறுபது வீட்டுக்கு நோட்டீஸ் போக வேண்டும். வண்டிச் சாவியை போரையாவிடம் நீட்டினேன். அவர் என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார். அப்புறம் அறுபது வீட்டுக்கும் நடந்தே போய் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வீடும் விடவில்லை. அப்படிப்பட்ட ஆளைக் காட்டிக்கொடுக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவருக்கு அறுபத்தொன்று. ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"செக்ரெட்டரி, மோசம் போயிட்டேன். தேவீரம்மா வண்டி பாத்துட்டா."

"என்ன வண்டி?"

"யெஸ்டி. நம்ம கம்பெனி வண்டிதான். இலவாலாவுல மாவு மில்லு புட்டமல்லப்பா இருக்கானே, அவங்கிட்ட. ஒம்போது வருஷமா ஓடாம நிக்குதாம். வாங்கி, சரி பண்ணி, என்னை ஓட்டச் சொல்றா. 'இருபது வருஷம் நான் முன்னாடி உக்காந்தாச்சு. ஒரு தடவையாவது பின்னாடி சும்மா உக்காந்து சாமுண்டி மலைக்குப் போகணும்'ங்கிறா."

"தெரியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சா? அதுக்கு மலையிலேர்ந்து குதிக்கலாம்."

அவர் திட்டம் இது: இஞ்சின் இறுகிப்போய்விட்டது, இதில் காசு போடுவது முட்டாள்தனம் என்று அவர் சொல்வார். நான் தலையை ஆட்ட வேண்டும். முன்னாள் செயலாளரின் தலைக்கு இலவாலா வரைக்கும் மதிப்பு இருந்தது. ஒத்துக்கொண்டேன். என் தப்புதான்.

நாங்கள் டவுன் பஸ்ஸில் போய் இறங்கியபோது தேவீரம்மா மொபெட்டில் முன்பே வந்து நின்றிருந்தார். "டெஸ்ட் ரைடர் பஸ்ஸுல வர்றாரு, பாருங்க" என்று மில்லில் மாவு அரைக்க வந்த பெண்களிடம் சொல்லிச் சிரித்தார்.

மில் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தது யெஸ்டி. ஒன்பது வருஷ ராகி மாவு அதன் மேல் படிந்து, என்ன நிறம் என்றே தெரியவில்லை. ஹெட்லைட்டில் மட்டும் புதுக் குங்குமம். ஹேண்டில்பாரில் காய்ந்த செவ்வந்தி மாலை. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

போரையா குனிந்து பார்த்தார். உச்சுக்கொட்டினார். டேங்கைத் தட்டினார். "ம்ஹூம்" என்றார். "இஞ்சின் இறுகிப்போச்சு. ஒம்போது வருஷம்னா பிஸ்டன் சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். செத்த வண்டி. என்ன செக்ரெட்டரி?"

நான் தலையை ஆட்டினேன்.

புட்டமல்லப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த வண்டிக்கு எவனாவது பூஜை போடுவானா அண்ணா? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பிளக்கக் கழட்டி ரெண்டு மூடி எண்ணெய் ஊத்தி, இருபத்தோரு உதை உதைப்பேன். அசையாத ஆயுதத்துக்குப் பூஜை போடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. எலுமிச்சம்பழத்து மேல நானே தள்ளி உருட்டுவேன். இந்த வருஷமும் உருட்டினேன். அங்க பாருங்க."

"ஓடாத வண்டிக்கா?" என்றார் போரையா.

"ஓடலேன்னா என்ன, நம்ம வண்டிதானே?"

சொல்லிவிட்டு கியர் லீவரை உள்ளே அழுத்தி, மேலே திருப்பி, காலால் ஒரு உதை விட்டான். யெஸ்டியில் கியரும் கிக்கரும் ஒரே லீவர்தான். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி லீவர் இறங்கியது. போரையாவின் முகமும் கூடவே இறங்கியது.

"அப்புறம் என்ன, நல்லாத்தானே இருக்கு!" என்றார் தேவீரம்மா. "பக்கத்துக் கடை நூருல்லாவக் கூப்பிடுங்க."

பஞ்சர் கடை நூருல்லா வந்தான். பிளக்கைத் தேய்த்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பாயின்ட்டில் உப்புத்தாள் போட்டு உரசி, எதையோ திருப்பி வைத்தான். வேறொரு வண்டியின் பேட்டரியை இரண்டு ஒயரில் மாட்டினான். போரையா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும், "வராது பாய், விட்டுடு பாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆறாவது உதையில், லீவர் நூருல்லாவின் காலைத் திருப்பி உதைத்தது. அவன் "யா அல்லா" என்று துள்ளினான். ஆனால் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மில் முழுக்கப் புகை. மாவு அரைக்க வந்த பெண்கள் கை தட்டினார்கள்.

"ஏறுங்கண்ணா" என்றான் நூருல்லா. "டெஸ்ட் ரைடர் கை பட்டாத்தான் கோளாறு என்னன்னு தெரியும்."

போரையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆனால் நான் என்ன செய்ய? ஏற்கெனவே ஒரு தடவை தலையாட்டி மாட்டிக்கொண்டவன்.

"இன்னைக்கு நாள் சரியில்ல" என்றார் போரையா.

"வியாழக்கிழமைங்க. நல்ல நாள்" என்றார் தேவீரம்மா.

ஏறினார். லீவரை மிதித்தார். யெஸ்டியில் லீவரை மிதித்தாலே கிளட்ச் தானாக விலகும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்தார். வண்டி கிளம்பியது.

பின்னால்.

பொய் சொல்லவில்லை. வாசலைப் பார்த்து நின்ற வண்டி மில்லுக்குள்ளே பின்னோக்கிப் போனது. அரைக்கிற எந்திரத்துக்கும் தராசுக்கும் நடுவே, பெண்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு விலக, நூல் பிடித்த மாதிரி நேராக இருபது அடி. கடைசியில் தவிட்டு மூட்டைகளில் போய் முட்டி நின்றது. குபீரென்று தவிடு கிளம்பியது. அது அடங்கியபோது போரையா வண்டி மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார், சுண்ணாம்பு பூசிய சிலை மாதிரி.

அப்புறம் விசில்.

"ரிவர்ஸு!" என்று கத்தினான் நூருல்லா. "டைமிங் தள்ளிப்போச்சு, இஞ்சின் தலைகீழா சுத்துது! என் தப்புதான். ஆனா அண்ணா, ரிவர்ஸுல ரெண்டு சக்கரத்த இவ்வளவு நேரா யாரு ஓட்டுவா? நான் பாத்ததே இல்ல!"

"அதான் டெஸ்ட் ரைடர்ங்கிறது" என்றான் புட்டமல்லப்பா. ஏதோ அவனே பயிற்சி கொடுத்தவன் மாதிரி.

தேவீரம்மா மட்டும் கை தட்டவில்லை. பக்கத்தில் போய், முந்தானையால் கணவர் முகத்தைத் துடைத்தார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. கை இரண்டும் ஹேண்டில்பாரில் இல்லை. குழந்தையைக் கட்டிக்கொள்வது மாதிரி டேங்கைக் கட்டிக்கொண்டிருந்தன. நான் மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததால் கேட்டது.

"ஏங்க, பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமா?"

போரையா டேங்கை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா தெரியாது?"

"பொறந்ததுலேர்ந்து" என்றார் போரையா, கண்ணைத் திறக்காமலே.

தேவீரம்மா மூச்சை இழுத்து விட்டார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் குறுக்கே போயிருக்க மாட்டேன்.

"கேஸ் சிலிண்டர முழங்காலுக்கு நடுவுல வெச்சு ஓட்டிட்டு வந்தேன்" என்றார் மெல்ல. "மழையில. நீங்க கொடையோட நடந்து வந்தீங்க."

"ஆமா."

"இப்பச் சொல்லுங்க. இந்த வண்டிய வாங்கறதா, வேண்டாமா? வாங்கினா நான் பின்னாடிதான் உக்காருவேன். முன்னாடி ஒரு நாளும் உக்கார மாட்டேன். நீங்க எங்கிட்ட மொபெட்டுல பழகணும். எல் போர்டு மாட்டித்தான். நாலு பேரு பாக்கத்தான். வேண்டாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். நான் இத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

போரையா கண்ணைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு நல்ல வழி கிடைத்திருந்தது: வேண்டாம் என்று ஒரு வார்த்தை. பெயர் பத்திரமாக இருக்கும். இன்னும் சொல்லப்போனால், ரிவர்ஸில் ஓட்டியவர் என்று கூடுதலாக ஒன்று சேரும்.

இறங்கினார். வேட்டியை உதறினார். புட்டமல்லப்பாவிடம் போனார்.

"வண்டிய எடுத்துக்கறேன். ஆனா ஒரு ஆறு மாசம் இங்கேயே நிக்கட்டும். அதுக்குள்ள பாய் சரி பண்ணட்டும்."

"ஆறு மாசம் எதுக்கண்ணா? பாய்க்கு ஒரு வாரம் போதும்."

போரையா தொண்டையைச் செருமினார். மில்லில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இனிமேதான் கத்துக்கணும்."

புட்டமல்லப்பா அவரையே பார்த்தான். நூருல்லாவைப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள்.

"கேட்டியா பாய்! ரிவர்ஸுல ஓட்டிக் காட்டிட்டு, தெரியாதுங்கிறாரு!"

"பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க" என்றான் நூருல்லா.

"சத்தியமா தெரியாதுய்யா!" என்று போரையா கத்தினார். "தேவீரம்மா, நீ சொல்லேன்! செக்ரெட்டரி, நீங்களாவது சொல்லுங்க!"

தேவீரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் முன்னால் வந்து, "அவர் சொல்றது உண்மைதான். அவருக்குத் தெரியாது" என்று அழுத்தமாகச் சொன்னேன். தலையையும் ஆட்டினேன்.

ஒருவரும் நம்பவில்லை.