டீச்சரின் இடது காது

எனக்கு வலது காது கேட்காது. அதை மறைப்பதற்காக, நன்றாகக் கேட்கிற ஒரு பெண்ணிடம் உங்கள் காதுதான் பழுது என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். இத்தோடு நீங்கள் எழுந்து போனாலும் நஷ்டமில்லை. ஆனால் இரண்டு வரியில் முடித்தால் ஏதோ வாய்தவறி வந்த பேச்சுபோலத் தோன்றும்... அப்படியல்ல. யோசித்துத்தான் சொன்னேன். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நுவரெலியாவில் வாகனங்களுக்கு ரேடியோ செட்டும் ஸ்பீக்கரும் பூட்டுகிற கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பல வருஷம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினேன். சவுண்ட் பாக்ஸை ஒட்டியே நாற்காலி போட்டுக்கொள்வேன், வலது காதுப் பக்கம் பாக்ஸ் இருக்கும். ஒரு நாள் போனை வலது காதில் வைத்தேன். மறுமுனையில் யாருமே இல்லாததுபோல் இருந்தது. இடதுக்கு மாற்றினேன், மனைவி திட்டிக்கொண்டிருந்தாள். பாதித் திட்டு வீணாகிவிட்டது.

அன்றிலிருந்து போன் இடது காதுக்குப் போனது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என் தொழிலே காதுதான். 'அவன் காது வச்சுப் பாத்தா அதுக்கு மேல பேச்சில்ல' என்று வாடகை வான் ஓட்டுகிறவர்கள் சொல்லிச் சொல்லித்தான் என் கடைக்கு ஆள் வந்தது. வான்களுக்கு இது பெரிய பிரச்சினையும் இல்லை. அவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்தால் போதும். வலதா இடதா என்று யார் பார்த்தார்கள்?

ஜெயந்தி டீச்சர் பார்த்தார்.

அவர் கந்தப்பளையில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் கற்பிப்பவர். வீடு உடப்புசல்லாவைப் பக்கம். ஐம்பதை நெருங்குகிற வயதில், யாரும் எதிர்பாராத விதமாக ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். நீல நிறம், இரண்டே இரண்டு இருக்கை, மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, தரையோடு தரையாக ஒரு உயரம். முதல் நாள் என் கடைக்கு வந்து நின்றபோது, பக்கத்து டயர்க் கடை நிஸாம் நானா எட்டிப் பார்த்து, "டீச்சர், கார் வாங்கினீங்களா, காலுக்குச் சப்பாத்து வாங்கினீங்களா?" என்று கேட்டார். டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை வளைவும் மேடும்தான். அந்த நேரத்தில், பிள்ளைகள் பாடியதைப் பதிவுசெய்து காரில் போட்டுக் கேட்பாராம். யாருக்குச் சுருதி சேருகிறது, யாரைப் போட்டிக்கு அனுப்பலாம் என்று அங்கேதான் முடிவெடுப்பாராம். காரோடு வந்த ஸ்பீக்கர் கரகரத்தது. நல்லதாக மாற்றித் தரச் சொன்னார்.

"எனக்கு அதிர வேணாம் தம்பி. பாடுற பிள்ள எனக்கு முன்னால நின்னு பாடுற மாதிரி இருந்தாப் போதும்."

உண்மையைச் சொன்னால், அந்த வேலையை நான் ஆசையாகத்தான் செய்தேன். சின்னக் காரில் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கதவுக்குள் ஆழமில்லை. பெரிய ஸ்பீக்கரை வைத்தால் கண்ணாடி இறங்கும்போது அதன் முதுகில் இடிக்கும். தட்டையானதாகத் தேடி எடுத்தேன், பலகையில் வளையம் அறுத்து அதை வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தேன். ஆனால் இருக்கை தாழ்ந்திருப்பதால் கதவில் வருகிற சத்தம் முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் மெல்லிய ஓசைக்கான ட்வீட்டர் இரண்டையும் தனியாக, பக்கக் கண்ணாடிகளின் உள்மூலையில் வைத்தேன். துணிக்கூரையில் மழை விழுந்தாலும் குரல் மங்கக்கூடாது என்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் போட்டேன்.

மிச்சம் இருந்தது, எந்த ட்வீட்டரை எந்தப் பக்கம் திருப்புவது, எதைக் கூட்டுவது என்பதுதான். அதைக் காதால்தான் செய்ய வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் என்னைத் திணித்துக்கொண்டேன், முழங்கால் தாடையில் இடித்தது. டீச்சர் தந்த பதிவில் ஒரு பிள்ளை தனியாகத் தேவாரம் பாடியது.

இந்தத் தொழிலின் அரிச்சுவடி ஒன்று இருக்கிறது. ஓட்டுநருக்குக் கிட்ட இருக்கிற வலது ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டும், எட்ட இருக்கிற இடதைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் குரல் நடுவில் வந்து நிற்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வலதைக் கூட்டினேன். போதவில்லை. வலது ட்வீட்டரை நேரே முகத்துக்குத் திருப்பினேன். இன்னும் கூட்டினேன். அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல நகர்ந்து முன்கண்ணாடிக்கு நடுவில் வந்து நின்றாள்... எனக்கு.

என் கை தலைகீழாகப் போவது எனக்குத் தெரிந்தது. நிஸாம் நானாவைக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். கூப்பிடவில்லை. ட்வீட்டரை அழுத்தி ஒட்டிவிட்டு, சூடம் காட்டி, காரைக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு கிழமை கழித்து டீச்சர் வந்தார்.

"தம்பி, கோவிக்காதீங்க. எல்லாப் பாட்டும் வலது கதவுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. தம்புராவக் கேட்டா காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. இடது பக்கம் வேல செய்யுதான்னே சந்தேகமா இருக்கு."

நான் ஏறி உட்கார்ந்து கேட்டேன். எனக்கு நடுவில்தான் கேட்டது. கடை முன்னால் இரண்டு வான்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை என் காதில் என்று அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? கழற்றித் திருத்தித் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே! அதற்குக்கூட மனம் வரவில்லை. ஏதோ ஒரு வீம்பு.

"செட்டு சரியாத்தான் இருக்கு டீச்சர். ஒங்களுக்கு இடது காது கொஞ்சம் மந்தமாயிருக்கும் போல. அதான் எல்லாம் வலது பக்கம் கேக்குது. எதுக்கும் காட்டிப் பாருங்க."

அவர் முகம் மாறியதை இப்போதும் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோபமில்லை. பயம்.

"எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் தம்பி காது போச்சு" என்றார். காரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிப் போனார்.

அவர் வைத்தியரிடம் போவார், காது சரி என்று சொல்லிவிடுவார்கள், என் குட்டு உடையும் என்று சில நாள் பயந்துகொண்டிருந்தேன். அவருடைய காதைப் பற்றி நான் கவலைப்பட்டதாக ஞாபகமில்லை. என் கடையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

ஆனால் அவர் போகவில்லை. அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது என் மகள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, ஜெயந்தி டீச்சர் இனிமே பாட்டு எடுக்க மாட்டாங்களாம். அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களாம். சமயப் பாடம் எடுக்குறாங்க."

"பாட்டுக்கு யாரு?"

"யாரும் இல்ல. அந்தப் பாடத்துக்குச் சும்மா இருக்கோம்."

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அன்று மாலையே ஓடியிருப்பீர்கள். நான் இன்னொரு பிடி சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பாட்டை விட்டதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும், தலைமையாசிரியரோடு ஏதாவது இருக்கும்... மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு கதை கட்டுகிறான்!

இரண்டு மாதம் கழித்து அந்த நீலக் கார் மறுபடி வந்தது.

"இந்த ஸ்பீக்கரெல்லாம் கழட்டிடுங்க தம்பி. பழசையே போட்டு விடுங்க. யாராவது பாட்டுக் கேக்குறவங்களுக்கு இது ஒதவும்."

"ஏன் டீச்சர்?"

"கேக்குறப்ப சுருதி சேந்திருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு. முந்தி வராது. ஒரு பிள்ளைய நீ சரியாப் பாடலன்னு திட்டிட்டேன். அப்புறம் யோசிச்சேன், பிழை அவ பாட்டுலயா, என் காதுலயான்னு. தெரியாம பிள்ளைங்களத் திருத்தக் கூடாதில்ல?"

"டொக்டர்கிட்டக் காட்டலியா?"

"பயமா இருக்கு தம்பி. இப்பவாவது சந்தேகம்தான். ரிப்போர்ட் கைக்கு வந்துட்டா உண்மையாயிடும்."

தன் காதில் சந்தேகம் வந்ததும் அவர் பாட்டையே விட்டார். நானோ காது இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தும் கடையைத் திறந்துவைத்திருந்தேன். இதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது?

கதவைத் திறந்து, தரையில் குந்தி, ஆணிகளைக் கழற்றத் தொடங்கினேன். அன்று கடையில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. முதல் ஸ்பீக்கரைக் கழற்றி முடித்ததும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். முடிந்தது. சரி, ட்வீட்டரைக் கழற்றியதும்... அதுவும் முடிந்தது. கை தன்பாட்டில் அடுத்த ஆணிக்குப் போனது. அலுப்பாக இருந்தது. பொய் சொல்வதும் அலுப்பு, உண்மை சொல்வதும் அலுப்பு.

தலையை நிமிர்த்தியபோது டீச்சர் எனக்கு வலது பக்கத்தில் நின்றிருந்தார். அவர் வாய் அசைந்து நின்றதை மட்டும் பார்த்தேன். ஏதோ சொல்லிவிட்டுப் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

"என்ன டீச்சர்?"

அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"மெதுவாப் பேசிட்டேனா தம்பி? இப்பல்லாம் என் சத்தம் எனக்கே சரியாத் தெரியிறதில்ல."

என் பழுதையும் அவர் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் போதும். 'இல்லை டீச்சர், எனக்குத்தான் கேக்காது.' அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய வகுப்பும், பாட்டும், நிம்மதியும் காத்திருந்தன.

"ஆமா டீச்சர்" என்றேன். "கொஞ்சம் மெதுவாத்தான் இருந்துச்சு."

அவர் கிட்ட வந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கத் திரும்பச் சொன்னார்.

"நன்றின்னு சொன்னேன் தம்பி. மத்தவங்களா இருந்தா மொகம் பாத்து மறைச்சிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்க."

அன்று அவர் கடையிலிருந்து போய் ஒரு வருஷமாகப் போகிறது. நான் இன்னும் அவரிடம் போகவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன், குறைந்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துச் செய்தி மட்டும் மகள் வழியாக வந்துகொண்டிருக்கிறது. டீச்சர் இப்போதெல்லாம் வகுப்பில் மிகவும் சத்தமாகப் பேசுகிறாராம். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார்களாம்.