பத்துக்கு மேல எண்ணாத குரல்கள்

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா இது எனக்கு நடந்துச்சு. போன நவம்பர்ல. மலேசியாவுல, கிள்ளான்ல.

எங்க காலேஜ் ரொம்பப் பழசு. அதோட முதல் புட்பால் டீம் ஆடினது 1890கள்ல. அவங்க நினைவா வருஷா வருஷம் ஒரு கப் மேட்ச் வைப்பாங்க. அதுக்காக நானும் எங்க டீம் கோல்கீப்பர் மலர்விழியும் பெனால்டி பழகிட்டிருந்தோம். புதுத் திடல் முழுக்க மழைத்தண்ணி. அதனால ஆத்தோரமா இருக்கிற பழைய திடலுக்குப் போனோம். இப்ப அங்க யாரும் ஆடுறதில்ல. கோல் கம்பத்துக்குப் பின்னால ஆளுயர லாலாங் புல்லு. அதைத் தாண்டினா ஆறு.

ஏழு மணி இருக்கும். தொழுகை நடக்கிற பக்கத்து சூராவ்ல பாங்கு இன்னும் சொல்லல. நான் உதைச்ச பந்து கம்பத்துக்கு மேல பறந்து, புல்லுக்குள்ள விழுந்துச்சு. எடுக்கலாம்னு மலர் திரும்பினா.

அதுக்குள்ள பந்தே திரும்பி வந்துச்சு.

"தேங்க்ஸ், பாஸ்!" மலர் கத்தினா.

மறுபடி உதைச்சேன். மறுபடியும் புல்லுக்குள்ள. மறுபடியும் ஒரு பந்து வந்துச்சு. ஆனா... அது எங்க பந்து இல்ல. பழுப்புத் தோல். நடுவுல வார் போட்டு இழுத்துக் கட்டியிருந்துச்சு. தூக்கினேன். கல்லு மாதிரி கனம். சொட்டச் சொட்ட ஈரம். சேத்து வாடை.

"மலர், வா போலாம்."

"இரு லா. யாரோ வெளாட்டு காட்டுறாங்க."

அப்பத்தான் அந்தச் சத்தம். புல்லுக்குள்ள ஆம்பளைங்க குரல். இங்கிலீஷ்ல எண்ணினாங்க. நம்பருக்கு ஒரு குரல்.

ஒன்... டூ... த்ரீ...

டென்.

நின்னுச்சு. திரும்ப முதல்லேருந்து. திரும்பவும் டென்ல நின்னுச்சு.

காத்தே இல்ல. புல்லு மட்டும் அசைஞ்சுச்சு.

மலர் சிரிச்சா. கையை வாய்கிட்ட குவிச்சு, "இலெவன்!"னு கத்தினா.

புல்லு அசையறது நின்னுச்சு.

அப்புறம்... கைதட்டல். ஈரக் கைங்க தட்டுற சத்தம்.

ஓடினோம்.

மோட்டார் பைக்ல ஏறினோம். வீடு வரைக்கும் மலர் இருமிக்கிட்டே வந்தா. விடியக்காலையில அவ அம்மா போன் பண்ணாங்க. "சிந்து, மலருக்கு மூச்சு விட முடியலம்மா!"

ஆஸ்பத்திரி வராந்தாவுல, எங்க டீமைப் பாத்துக்கிற தனலெட்சுமி டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்த முதல் டீமைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சவங்க அவங்க. முகமே வெளுத்துப் போச்சு.

"அந்த சீசன்ல அவங்க ஒரு மேட்ச்கூட தோக்கல, சிந்து. கடைசி மேட்சுக்கு சம்பான்ல ஆத்தைக் கடந்தப்போ படகு கவுந்துருச்சு. பத்துப் பேரும் போயிட்டாங்க."

"பத்தா? இன்னொருத்தர்?"

"கோல்கீப்பர். காய்ச்சல்னு வீட்டுலயே இருந்துட்டாராம். ஒரு வாரம் கழிச்சு அந்தத் திடல்ல செத்துக் கிடந்தாரு. காஞ்ச தரையில... நெஞ்சு நிறைய ஆத்துத்தண்ணி."

கதவு திறந்துச்சு. டாக்டர் வெளிய வந்தாரு.

"பயப்படாதீங்க. பிழைச்சுக்குவாங்க"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டாரு.

"நேத்து எந்த ஆத்துல விழுந்தாங்க?"