குழிக்கு ஒரு சாண்

மேனேஜர் இருந்தார். கேட் வாட்ச்மேன் இருந்தார். சமையல்காரர் இருந்தார். நான். என் சம்சாரம். அவ்வளவு பேர்தான்.

கடலோர விடுதி அது. ஒன்பது குழி உள்ள சின்ன கோல்ஃப் மைதானம் உண்டு. நான் புல் வெட்டும் மிஷின் ஓட்டுகிறேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லை கிரீன் என்பார்கள். அதைச் சுத்தம் பண்ணுவது அவள் வேலை. சவுக்குக் காய், கிளிஞ்சல், காக்காய் போட்ட எலும்பு, எது கிடந்தாலும் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வாள்.

பிள்ளைகள் உத்திரமேரூர் பக்கம், ஊரில் என் அக்காவிடம் இருக்கிறார்கள். பொங்கலுக்கு விடுதியில் கூட்டம் அதிகம். லீவு கிடையாது. மூன்று பொங்கல் அப்படியே போயிற்று.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது. விருந்தாளி ஒருத்தரும் இல்லை. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு ஜோடியா ஆடுங்க. ஜோடிக்கு ஒரு பந்து. மாத்தி மாத்தி அடிக்கணும். கம்மி அடியில முடிக்கிற ஜோடிக்கு மூணு நாள் பொங்கல் லீவு. பந்தைக் கையால தொட்டா ரெண்டு அடி ஏறும்."

வாட்ச்மேனும் சமையல்காரரும் ஒரு ஜோடி. நாங்கள் ஒரு ஜோடி.

"இன்னாயா, நாம வெட்ற புல்லுல நாமளே ஆட்றதா?" என்றாள்.

"ஆடு" என்றேன்.

முதல் அடி என்னுடையது. பந்து அங்கேயே இருந்தது. மண்தான் பறந்தது.

"அண்ணாத்தே, அது மட்டை. மம்முட்டி இல்ல" என்றார் சமையல்காரர்.

நாலாவது குழியில் அவள் அடித்தாள். பந்து மேலே போய்க் கடல்காற்றில் கொஞ்சம் நின்றது. பிறகு குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. காசு கட்டி விருந்தாளிகள் இதற்கு ஏன் வருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிரீன் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு ஏறினோம். நெல் கிடக்கிற களத்தில் செருப்போடு ஏறுவதில்லை. அதே பழக்கம்.

அவர்கள் ஐம்பத்தெட்டு அடியில் முடித்துவிட்டார்கள். எங்களுக்கு ஐம்பத்தாறு ஆகியிருந்தது. கடைசிக் குழி. அவள் உருட்டின பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான் ஒரு தட்டுத் தட்டினால் ஐம்பத்தேழு. அது போதும்.

"பொங்கலுக்கு வூட்ல கீறோம்யா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். பந்துக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குக் காய் கிடந்தது. அவள் குனிந்தாள். காயைப் பொறுக்கினாள். அதே கையால் பந்தையும் பொறுக்கினாள். இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் மட்டையைத் தரையில் ஊன்றினேன்.

"தங்கச்சி" என்றார் வாட்ச்மேன் மெதுவாக. "பந்தும்மா அது."

அவள் மடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கை தானா பூட்ச்சிய்யா."

"வுடு சார். தெனம் பொறுக்கிக்கினு கீற கை அது" என்றார் வாட்ச்மேன்.

"ஆடறதுக்கு முன்னாடியே சொன்னேனே" என்றார் மேனேஜர். அவர் முகமும் நன்றாக இல்லை.

"ஏத்திக்கோ சார்" என்றாள் அவள். "தொட்டது நான்தான்."

பந்தை முந்தானையில் துடைத்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். தள்ளி நின்றாள்.

நான் தட்டினேன். குழியில் விழுந்தது.

ஐம்பத்தொன்பது.