திறக்காத சன்னல்

சேலத்தில் மாதா கோயில்களுக்குக் கண்ணாடி சன்னல் பொருத்தும் தோமினிக் மேஸ்திரிக்கு உலகத்தில் ஒரே பயம் ஒழுகல்தான். புதுச் சன்னல் ஏறியதும் மனைவி இன்னாசிமேரியை உள்ளே நிறுத்துவார். சட்டத்தின் உள்பக்கத்து ஓரமெல்லாம் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு, வெளியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை வீசுவார். தூள் நனைந்தால் அவள் சொல்ல வேண்டும். பாவம், கல்யாணமான நாள் முதல் அவளுக்கு இதுதான் உத்தியோகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், பனமரத்துப்பட்டி ஏரியை அதிகாரிகள் சுற்றிப்பார்ப்பதற்காக அறை கட்டிய படகு ஒன்று செய்தார்கள். சன்னல் வேலை மேஸ்திரிக்கு வந்தது. முதல் தடவை மனுஷர் அவசரப்பட்டுத் திருகாணிகளை ஒரேயடியாக முறுக்கினார். ஒழுகாமலிருக்கச் சட்டத்துக்கு அடியில் வைத்த மக்குப் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்து, சன்னல் ஒழுகிவிட்டது. அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் கழற்றி, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கைத் தடிமனாக அப்பி, திருகாணியைப் பாதி முறுக்கி, மக்கு இறுகிய பிறகு மீதியை முறுக்கினார். கோயிலில் வைப்பது போலவே திறக்காத சன்னல்கள். திறந்தால்தானே தண்ணீர் வரும் என்பது அவர் கணக்கு.

வேலையாட்களையும் ஏற்றிக்கொண்டு போய் ஏரி நடுவில் சோதனை நடந்தது. குடத்துத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு பொட்டுகூட வரலீங்க," என்றாள் இன்னாசிமேரி அறைக்குள்ளிருந்து.

மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. "சின்னண்ணா, ஆளுகளையெல்லாம் இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லு. சன்னல் தண்ணியில முங்கட்டும்."

"வேண்டாமுங்க மேஸ்திரி, கவுந்துரும்," என்றார் படகோட்டி சின்னண்ணன்.

"சித்த நேரந்தான், வரச் சொல்லு!"

வந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் படகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. ஆட்கள் ஏரியில் விழுந்தார்கள். அறைக்கு இருந்த ஒரே கதவு தண்ணீருக்கடியில் போய், அது வழியாக ஏரி உள்ளே பாய்ந்தது.

மேஸ்திரி தத்தளித்து மேலே ஏறினார். வானத்தைப் பார்த்துக் கிடந்த மறுபக்கத்துச் சன்னலுக்குக் கீழே இன்னாசிமேரியின் முகம் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது; சத்தமே வரவில்லை. தண்ணீர் அவள் கழுத்துக்கு ஏறியிருந்தது. குதிகாலால் மிதித்தார், முஷ்டியால் குத்தினார். கண்ணாடி அசையவில்லை. அவர் அப்பிய மக்கு ஒவ்வொரு அடியையும் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. தன் கைவேலையைத் தானே சபித்துக்கொண்டு அலறினார்.

சின்னண்ணன் நீந்தி வந்து, இரும்புப் பூண் போட்ட கழியை மேலே நீட்டினார். "மூலையில குத்துங்க சாமி!"

மூன்றாவது குத்தில் உடைந்தது. ரத்தம் வழியும் கைகளால் அவளை வெளியே இழுத்துப் போட்டார். இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவள் நிமிர்ந்து, அத்தனை ஆண்பிள்ளைகள் பார்க்க, புருஷன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

மேஸ்திரி அவள் காலடியில் உட்கார்ந்து, மறு கன்னத்தையும் காட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.