இடது குழல்

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் என் மனைவி லெட்சுமி துணிகளை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். போடுமுன் சட்டைப் பாக்கெட்டைத் துழாவுவது அவள் வழக்கம்.

“இந்தாங்க, ஏதோ கடைச் சீட்டு. வேணுமா, குப்பையில போடவா?”

வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் முடித்துக்கொடுத்த ஒரு துப்பாக்கியின் வேலைச் சீட்டு. ‘வலது குழல்: காலி’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ‘இடது குழல்’ என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன்.

பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

அப்போது நான் கிள்ளானில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் பெஞ்சில் இருந்தேன். வருவதில் பெரும்பாலும் தோட்டக்காரர்களின் ஷாட்கன், கிளப்காரர்களின் பிஸ்டல். பிளாக் பவுடர் என்கிற கருமருந்துத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களின் வேலை எல்லாம் என் கைக்கு வரும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாக் பவுடர் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. பவுடரைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, மேலே அட்டை வைத்து, ஈய ரவை போட்டு, இன்னொரு அட்டை வைத்து, ராட் என்கிற நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். பின்னால் நிப்பிள் என்று ஒரு சின்ன முளை இருக்கும். அதில் கேப் என்கிற சின்ன வெடிமூடியை வைத்துச் சுத்தியல் தட்டினால் வெடிக்கும். யாரோ எப்போதோ இடித்து வைத்துவிட்டுச் சுடாமல் மறந்துபோனால், அது உள்ளேயே கிடக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பெஞ்சுக்கு வந்ததும் முதல் வேலை, ராடை அடிவரைக்கும் விட்டு, வாயருகே குறி வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு வைத்து அளப்பது. நிப்பிள்வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அந்தத் துப்பாக்கி டாக்டர் மங்கையுடையது. பங்சாரில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணக் குடும்பம். பழைய இரட்டைக் குழல் ஷாட்கன் ஒன்றை முறையாகப் பேர் மாற்றி வாங்கியிருந்தார். வலது பக்கத்துச் சுத்தியல் பாதியில் நிற்காமல் வழுக்கியது, அந்தப் பக்கத்து நிப்பிளும் உடைந்திருந்தது. அதை மட்டும் சரி செய்யச் சொன்னார்.

வலது குழலை அளந்தேன். காலி. ராடை உருவி இடது குழலில் வைக்கப்போகும்போது, முதலாளி மிஸ்டர் லிம் முன்னாலிருந்து கூப்பிட்டார். ரெஜிஸ்டர் பார்க்கப் போலீஸ் அதிகாரி வந்திருந்தார். போய்விட்டுத் திரும்ப அரை மணி நேரம். ராட் பெஞ்சில் கிடந்தது. அளந்துவிட்டுத்தான் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு உட்காரும் பழக்கம் கிடையாது.

சனிக்கிழமை டாக்டர் வந்து கேட்டார்.

“உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லைதானே, ராஜு?”

“எல்லாம் கிளியர், டாக்டர்.”

“அப்ப நாளைக்கு ரேஞ்சில போட்டுப் பாக்கிறன்.”

2

டாக்டரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சுடும் இடத்தில் கைப்பேசியை வெளியே பெட்டியில் வைத்துவிடுவார்கள், எனக்கே தெரியும். ரேஞ்ச் ஆபீஸுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

உள்ளே பழைய மருந்து கிடந்து, அது தெரியாமல் மேலே இன்னொரு தடவை போட்டு இடித்தால் ரெண்டு மடங்கு ஆகிவிடும். அந்தக் குழல் மெல்லிசான பழைய இரும்பு. வெடித்துக் கிழிந்தால், அதைப் பிடித்திருக்கும் இடது கை அங்கேதான் இருக்கும்.

“எங்க போறீங்க? சட்டைகூடப் போடாம!” என்று லெட்சுமி கத்தினாள். சீட்டைக் கால்சட்டைப் பாக்கெட்டில் திணித்து, கொடியில் கிடந்த ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் பாதையில் ஏறினேன். ஷா ஆலாம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அடியில் ஐம்பது அறுபது மோட்டார்கள் ஒதுங்கி, பாதையையே அடைத்துக்கொண்டு நின்றன.

“பாஸ், வழி விடுங்க, அவசரம் லா!”

“மழை விடட்டும் அண்ணே. எல்லாருக்கும் அவசரம்தான்,” என்றார் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மோட்டாரைத் தானே நகர்த்தினார். அந்த இடுக்கில் நுழைந்து மழைக்குள் போனேன்.

சுபாங் தாண்டி ரேஞ்ச் வாசலில் இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. பிஸ்டல் சத்தம் கன்னத்தில் அறைவது மாதிரி இருக்கும். பிளாக் பவுடர் அப்படி இல்லை. கனமான கதவை யாரோ சாத்துவது மாதிரி நெஞ்சில் வந்து இறங்கும். ஒரு தடவை. எந்தக் குழல் என்று தெரியவில்லை.

காவலாளி பேர் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை, ஓடினேன். பின்னாலிருந்து அவர் கத்துவது கேட்டது. சுடும் மேடையில் வெள்ளைப் புகை இன்னும் கலையவில்லை. ரேஞ்ச் அதிகாரி என்சிக் ரசாக், மலாய்க்காரர், பழைய ராணுவக்காரர், இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தார். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். டாக்டர் மங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் இருந்தன. துப்பாக்கி தாங்கியில் வானத்தைப் பார்த்து நின்றது.

“என்ன ராஜு, நீர் ஏன் நனைஞ்சு போய் ஓடி வாறீர்?”

அவர் முதலில் வலது குழலை மட்டும் போட்டுச் சுட்டிருக்கிறார். பிறகு இடது குழலில் பவுடரைக் கொட்டி அட்டையை இடித்திருக்கிறார். ராட் வலது பக்கத்தைவிட நாலு விரல் உயரமாக வெளியே நின்றிருக்கிறது. அதைப் பார்த்ததும் கேப் வைக்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரசாக்கைக் கூப்பிட்டிருக்கிறார்.

“ரெண்டு பக்கமும் பார்த்தனீரோ?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நோயாளியிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற குரல்.

அந்த நேரத்தில் எனக்குள் என்னென்ன பதில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பார்த்தேன், பிறகு யாரோ போட்டிருக்கலாம் என்று சொல்லலாம். அட்டை பாதியில் சிக்கியிருக்கும் என்று சொல்லலாம். சீட்டு என் கால்சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

“இல்ல டாக்டர். ஒரு பக்கம்தான் பார்த்தேன். பார்க்காமலே கிளியர்னு சொல்லிட்டேன்.”

ரசாக்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் அவர் கையைக் கீழே இறக்கிவிட்டார்.

டாக்டர் எழுந்தார். “சரி. எடும். நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்.”

குழலின் வாயில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன். ராடின் முனையில் திருகாணி மாட்டி, ஒவ்வொன்றாகத் திருகி இழுத்தேன். முதலில் அவருடைய அட்டை, நனைந்த புதுப் பவுடர். பிறகு கறுத்துப்போன ஒரு துணி உருண்டை, வெளுத்துப்போன ஈய ரவை, இன்னொரு துணி உருண்டை. கடைசியாகப் பழைய பவுடர். தண்ணீர் அதுவரைக்கும் இறங்கவில்லை. ரசாக் அதில் ஒரு சிட்டிகையைச் சிமென்ட் தரையில் வைத்து, நீளக் குச்சியில் நெருப்பை நீட்டினார். பளிச்சென்று எரிந்து அடங்கியது. மூன்று பேரும் தரையில் இருந்த கறுப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

3

திங்கட்கிழமை நானே மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. மூன்று மாதம் வெடிமருந்துத் துப்பாக்கி எதையும் தொடக்கூடாது என்று, ஏர் ரைபிளும் பூட்டு வேலையும் கொடுத்தார். அந்த மூன்று மாதமும் வீட்டிலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேஸை அணைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா என்று எழுந்து எழுந்து போனேன். லெட்சுமிதான் பாவம்.

டாக்டர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். நான் பெஞ்சுக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், புதிதாக வாங்கிய ஒரு பிளாக் பவுடர் ரெப்ளிகா ரைபிளோடு வந்து நின்றார். நான் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு ராடை எடுத்து, கவுண்டரிலேயே விட்டு அளந்து, “காலி” என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். வாங்கிப் போகும்போதும் அப்படியே. நான் அளந்து காட்டியதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் தானே அளந்தார். பக்கத்தில் நின்ற கஸ்டமர் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு பழகிவிட்டது. நான் வேலையை விடும் வரைக்கும் அவர் ஒரு தடவைகூட அதை விடவில்லை. தன் கையால் அளந்துவிட்டு வாங்கிப்போகிற அவரைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. “நீங்க பார்த்தா போதும் அண்ணே” என்று சொல்லிவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போவார்களே, அவர்கள் போன பிறகுதான் வேலைச் சீட்டை எடுத்து, ஒவ்வொரு குழலுக்கும் எதிரே எழுதியிருக்கிறேனா என்று மறுபடியும் பார்ப்பேன்.